நுழைவுத் தேர்வில் மதிப்பெண் பெருக்கும் நெறி

மருத்துவக் கல்வியை விரும்பும் நம் இளைஞர்க்கு நீட் என்னும் நுழைவுத் தேர்வே இன்று வாயிலாய் நிற்கின்றது. தமிழகத்தில் மாநில அரசு நடத்திவந்த நுழைவுத் தேர்வு 2006 ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கப்பெற்றது. நாடு முழுமைக்கும் பொதுவாகிய இத்தேர்வோ 2017 முதல் இங்கும் நடைபெற்று வருகின்றது. இது வேண்டுமா, வேண்டாவா என்பது பெரியோர் மன்றங்களில் நிகழும் வழக்கு. அது முடியுந்துணையும் தேர்வுக்கூடத்துட் புகும் மாணாக்கர்க்கு உதவுவது யாது என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுந்த பொருளாகும்.

கடலூர் மாவட்டத்தார்க்கு இஃது அயலூர்ச் செய்தியன்று. சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலை நகரில் 1985 இல் தோன்றிய இராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி 2021 இல் அரசு மருத்துவக் கல்லூரியாக மாற்றப்பெற்றது. புவனகிரியிலிருந்தும் பரங்கிப்பேட்டையிலிருந்தும் காலையிற் பேருந்தேறி மாலையில் வீடு திரும்பத்தக்க தொலைவில் அஃது உளது. அரசுப் பள்ளியிற் பயின்றோர்க்கு 7.5 விழுக்காடு இடம் ஒதுக்கும் சட்டமும் 2020 இல் வந்தது. எனினும் அவ்விடங்களும் நீட் மதிப்பெண் வரிசைப்படியே கிடைக்கின்றன. சில மதிப்பெண் குறைந்தமையால் மீண்டும் ஓராண்டு வீட்டிலிருந்து பயில்வோரும், அதற்கென நகையை அடகு வைக்கும் பெற்றோரும் நம் ஊர்களில் உளர். ஆதலின் ஒவ்வொரு மதிப்பெண்ணும் ஒரு குடும்பத்தின் பொருளாகும்.

2025 இல் நடந்த தேர்வில் 180 வினாக்கள். காலம் 180 நிமிடம். உயிரியலில் 90, இயற்பியலில் 45, வேதியியலில் 45 எனப் பகுக்கப்பெற்றிருந்தன. ஒவ்வொரு வினாவிற்கும் நான்கு விடைகள் தரப்படும். சரியான விடைக்கு 4 மதிப்பெண் உண்டு. தவறான விடைக்கு 1 குறையும். விடுத்த வினாவிற்கு ஒன்றும் இல்லை. மொத்தம் 720.

மதிப்பெண் குறைந்தவுடன் புதிய நூல்களை வாங்குதலும், உறக்கத்தைக் குறைத்தலும் பலர் செய்வன. யாம் கூறுவது வேறு. இழந்த மதிப்பெண் எவ்வழியாகப் போயிற்று என்று காண்டலே முதற்பணி. விடுத்த வினா ஒன்று சரியாகுமாயின் ஊதியம் 4. தவறிய வினா ஒன்று சரியாகுமாயின் ஊதியம் 5. ஒருவர் 110 வினாக்களுக்குச் சரியாகவும் 50 வினாக்களுக்குத் தவறாகவும் விடையளித்து, 20 வினாக்களை விடுத்தாராயின் அவர் பெறுவது 390. அத்தவறுகளுள் 15 மட்டும் திருந்தின் 465 ஆகும். புதுப்பாடம் ஒன்றும் படியாமலே 75 மதிப்பெண் ஏறிற்று என்க.

தவறுகள் மூவகைப்படும். பாடம் அறியாமையால் வருவது ஒன்று. வினாவைப் பிறழ உணர்தலால் வருவது மற்றொன்று. கணக்கிடும்போதும் வட்டம் நிரப்பும்போதும் விரைவால் வருவது மூன்றாவது. முதல்வகைக்கே நூல் மருந்து. ‘பொருந்தாதது எது’, ‘தவறான கூற்று எது’ என்னுஞ் சொற்களைக் கோடிட்டு வாசித்தல் இரண்டாவதற்கு மருந்து. காலம் வரையறுத்து மாதிரித் தேர்வு எழுதுதல் மூன்றாவதற்கு மருந்து. 2025 இல் தேர்வு பிற்பகல் 2 மணிக்குத் தொடங்கிற்று. ஆதலின் சித்திரை வெயிலில் அந்நேரத்தே அமர்ந்து பழகுதல் நன்று. முன்னர் எழுதியவர் தேசியத் தேர்வு முகமை வெளியிடும் தம் விடைத்தாளின் படியையும் விடைக்குறிப்பையும் ஒப்புநோக்கி, ஒவ்வொரு தவற்றையும் இம்மூன்றனுள் ஒன்றாக ஓர் ஏட்டிற் குறித்துக் கொள்வாராக.

இனி, ஐயுற்ற வினாவை விடுவதா, விடையளிப்பதா? கணக்கே விடை கூறும். ஒன்றும் அறியாது நான்கு வினாக்களுக்குக் குறியிடின், சராசரியாக ஒன்று சரியாகி 4 வரும், மூன்று தவறாகி 3 போகும்; எஞ்சுவது 1. அதுவும் உறுதியன்று. இரண்டு விடைகளைத் தக்க காரணத்தால் விலக்கியபின் அத்தகைய இரு வினாக்களுக்குக் குறியிடின், 4 வந்து 1 போக, எஞ்சுவது 3. ஆகவே, பாதி அறிந்த வினாவை அஞ்சி விடுதல் இழப்பேயாம்.

தமிழில் எழுதுவார்க்கு மேலும் ஒரு காப்பு வேண்டும். 2018 இல் தமிழ் வினாத்தாளின் 49 வினாக்களில் மொழிபெயர்ப்புப் பிழை உளதெனக் கண்டு, 196 மதிப்பெண் வழங்குமாறு உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தீர்ப்பளித்தது. அவ்வாண்டே உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. ஐயம் நேரின் ஆங்கில வடிவமே முடிவென்பது தேர்வின் விதி. தமிழ் வினாத்தாளில் ஆங்கிலமும் உடன் அச்சிடப்படுதலின், உந்தம் என்பது மொமென்டம், முடுக்கம் என்பது ஆக்சிலரேஷன் என இருமொழிச் சொற்களையும் இணைத்துக் கற்றல் வேண்டும். தாய்மொழியிற் கற்ற அறிவு ஒரு சொல்லின் மயக்கத்தால் வீணாதல் ஆகாது.

அண்டை வீட்டில் இத்தேர்விற்குப் பயிலும் தம்பி தங்கையர் உள்ள கல்லூரி மாணாக்கர், வாரத்தில் ஒரு மாலை அவர்தம் தவற்றேட்டை உடனிருந்து நோக்குவாராயின், பெரும்பொருள் கொடுத்துப் பெறும் பயிற்சியில் ஒரு பகுதியேனும் ஏழை வீட்டிற்கும் எய்தும்.