கங்கையைக் கொண்டது யார்?

அரியலூர் மாவட்டத்திலுள்ள கங்கைகொண்ட சோழபுரம் உங்களுக்குத் தெரிந்த ஊர்தான். முதலாம் இராசேந்திர சோழன் அமைத்த தலைநகரம் அது. சரி, அப்பெயரின்படி கங்கையைக் கொண்டது எது? ஊரா, அரசனா?

நாம் எழுதும் முறை ஏமாற்றுகிறது. ‘கங்கைகொண்ட’ என்று எழுதி, இடம் விட்டுச் ‘சோழபுரம்’ என்கிறோம். ஊரே கங்கையைக் கொண்டதுபோல் தோன்றுகிறது! ஆனால் ‘கங்கைகொண்ட சோழன்’ என்பது இராசேந்திரனின் பட்டப்பெயர். அவனது புரம் என்பதே பொருள். எனவே பெயரைப் பிரிக்க வேண்டிய இடம் ‘புரம்’ என்பதற்கு முன்புதான். ‘சோழநாடு’ என்பதில் போலவே இங்கும் ‘சோழன்’ என்பதன் ‘ன்’ கெட்டது.

‘கங்கைகொண்ட’ என்பதில் ‘ஐ’ உருபு மறைந்திருக்கிறது. இரண்டாம் வேற்றுமைத் தொகை. அதனால்தான் ‘க்’ மிகவில்லை. ‘கங்கையைக் கொண்ட’ என விரித்தால் மிகும். உருபு மறைந்தால் குழப்பமும் வரலாம். ‘புலி கொன்ற யானை’ என்ற பழைய எடுத்துக்காட்டில் செத்தது புலியா, யானையா? நம் சோழன் விஷயத்தில் அந்த ஐயமில்லை. கங்கை அவனைக் கொள்ளவில்லை.

‘கொள்’ என்பதன் பொருள்தான் சுவையானது. முதற் பராந்தகன் ‘மதுரை கொண்ட’வன், அங்கே கொள்ளுதல் வெல்லுதல். இராசேந்திரனின் படை ஏறத்தாழ 1023இல் வங்கம் வரை சென்றது. அரசன் கோதாவரிக் கரையில் படையை எதிர்கொண்டான் என்றும், தளபதி கங்கை நீரைக் கொணர்ந்தான் என்றும் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் கூறுகின்றன. அந்நீரால் ‘நீர்மயமான வெற்றித்தூண்’ ஆனது சோழகங்கம் ஏரி, இன்றைய பொன்னேரி. கங்கைக்கரை நாடுகளோ சோழர் ஆட்சியில் நிலைக்கவில்லை. ஆகவே, வென்றான் என்பதைவிட நீரைப் பெற்றான் என்பதே பொருத்தமாகப் படுகிறது. பட்டம் சூட்டியவர்கள் இரண்டையும் நினைத்திருக்கலாம்!

அரசன் பெயரோடு நகரைச் சேர்ப்பது கிரேக்கத்திலும் உண்டு. 330இல் திறப்புவிழா கண்ட கான்ஸ்டாண்டிநோபிளின் கிரேக்கப் பெயர் ‘கான்ஸ்டாண்டினூபோலிஸ்’. அதில் ‘ஊ’ என்பது ‘உடைய’ என்னும் வேற்றுமை உருபு. தமிழ் மறைத்ததைக் கிரேக்கம் வெளியே காட்டுகிறது. இன்னொன்று: ‘போலிஸ்’ என்பதும், ‘புரம்’ என்பதற்கு மூலமான வடமொழிச் சொல்லும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்பர் மொழியியலார்.

அருகிலுள்ள ஜெயங்கொண்டத்தையும் பாருங்கள். ஜெயங்கொண்ட சோழபுரம் என்பதே அதன் முழுப்பெயர். மக்கள் வாயில் சோழனும் போனான், புரமும் போயிற்று. எஞ்சிய ‘கொண்ட’ என்ற பெயரெச்சம், ‘அம்’ சேர்த்துக்கொண்டு தானே ஊராகி நிற்கிறது.