சுவரில் ஓடும் 5600 ஆண்டுகள்

எகிப்தில் கூஃபு மன்னருக்காகப் பெரிய பிரமிடைக் கட்டி முடித்து ஏறக்குறைய 500 ஆண்டுகள் ஆன பிறகும், சைபீரியாவுக்கு வடக்கே ஆர்க்டிக் கடலில் உள்ள ரேங்கல் தீவில் மாமூத் யானைகள் உயிரோடு மேய்ந்துகொண்டிருந்தன. ஆமாம், உடம்பெல்லாம் நீண்ட ரோமம் தொங்கும் அதே பனிக்கால யானைகள்தான்! பிரமிடு எழுந்தது கி.மு. 2560 வாக்கில். கடைசி மாமூத்கள் மறைந்தது இன்றைக்குச் சுமார் 4000 ஆண்டுகளுக்கு முன்பு. மாமூத்தை அறிவியல் புத்தகத்தில் படிக்கிறோம், பிரமிடை வரலாற்றுப் புத்தகத்தில் படிக்கிறோம். இரண்டும் ஒரே உலகத்தில் ஒரே நேரத்தில் இருந்தவை என்று எந்தப் பாடமும் சேர்த்துச் சொல்வதில்லை. நீளமான ஒரு காகிதத்தில் இரண்டையும் குறித்துவிட்டால் பார்த்தவுடனே தெரிந்துவிடும். அந்தக் காகிதத்துக்குப் பெயர் காலக்கோடு.

வீட்டிலேயே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் குடும்பங்கள் பல நாடுகளில் இருக்கின்றன. அவர்களில் பலருடைய வீட்டுச் சுவரில் இப்படி ஒரு காலக்கோடு இருக்கும். அதற்கு நல்ல காரணம் உண்டு. அந்த வீட்டில் ஆறு வயதுத் தங்கையும் பதினான்கு வயது அண்ணனும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து படிக்கிறார்கள். தங்கை பிரமிடு படத்தை ஒட்டுவாள், அண்ணன் அதே இடத்தில் ஆண்டைக் கணக்கிட்டு எழுதுவான். இருவருக்கும் ஒரே சுவர் போதும். இங்கிலாந்தில் சார்லட் மேசன் என்ற கல்வியாளரின் வழியில் படித்த பிள்ளைகள் இதையே நோட்டில் செய்தார்கள். நூற்றாண்டுக்கு இரண்டு பக்கம் ஒதுக்கி, படித்ததை எல்லாம் அதனதன் நூற்றாண்டில் எழுதியும் வரைந்தும் வைத்தார்கள்.

காலத்தைக் கோடாக வரைந்து பிள்ளைகளுக்குச் சொல்லித்தந்தவர்களில் பெரும் புகழ்பெற்றவர் ஒரு விஞ்ஞானி. உங்களுக்குத் தெரிந்தவர்தான். ஜோசஃப் ப்ரீஸ்ட்லி! 1774 ஆகஸ்ட் 1 அன்று, பாதரசத்தின் சிவப்பு ஆக்சைடு மீது பெரிய லென்ஸால் வெயிலைக் குவித்து, ஆக்சிஜனைப் பிரித்தெடுத்தாரே, அவரேதான். சோடா தண்ணீர் செய்யும் வழியைக் கண்டுபிடித்தவரும் அவரே. அதற்கெல்லாம் முன்னால் அவர் இங்கிலாந்தின் வாரிங்டன் என்ற ஊரில் ஆசிரியராக இருந்தார். தம் மாணவர்களுக்கு வரலாறு புரிய வேண்டும் என்பதற்காக, 1765-இல் ஒரு பெரிய விளக்கப்படத்தை வெளியிட்டார். கி.மு. 1200 முதல் கி.பி. 1800 வரை 3000 ஆண்டுகள், அதில் சுமார் 2000 மனிதர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு படுக்கைக் கோடு. பிறந்த ஆண்டில் கோடு தொடங்கும், இறந்த ஆண்டில் முடியும். நீண்ட நாள் வாழ்ந்தவருக்கு நீண்ட கோடு, இளமையில் இறந்தவருக்குக் குட்டிக் கோடு.

அந்தப் படத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அவர் வைத்த புள்ளிகள். ஒருவர் எப்போது பிறந்தார் என்று உறுதியாகத் தெரியாவிட்டால், ப்ரீஸ்ட்லி அங்கே கோட்டை அழுத்தமாக வரையவில்லை, புள்ளி வைத்தார். இதுவரை தெரியும், இதற்கு மேல் உறுதியில்லை என்பதைப் படமே சொல்லிவிடும். ஆய்வகத்தில் அளவு எடுக்கும் விஞ்ஞானிக்கு இருக்கும் அதே நேர்மை இது. நாலு ஆண்டுகள் கழித்து, 1769-இல், பேரரசுகள் தோன்றி வளர்ந்து மறைந்ததைக் காட்டும் இன்னொரு படத்தையும் வெளியிட்டார். அதைத் தம் நண்பர் பெஞ்சமின் ஃபிராங்க்ளினுக்குக் காணிக்கையாக்கினார்.

சரி, நாமும் ஒன்று செய்வோமா? சார்ட் தாள், ஸ்கேல், பென்சில், கலர் பேனா போதும். அளவுத்திட்டம்: 1 செ.மீ. = 10 ஆண்டுகள். 70 செ.மீ. நீளமுள்ள தாள் ஒன்றில் 700 ஆண்டுகள் அடங்கும். எட்டுத் தாள்களைப் பக்கவாட்டில் ஒட்டினால் 5 மீட்டர் 60 சென்டிமீட்டர், அதாவது 5600 ஆண்டுகள். கி.மு. 3500-இல் தொடங்கினால் கி.பி. 2100 வரை வந்துவிடும். சுமேரியர்கள் களிமண் பலகையில் எழுதத் தொடங்கிய காலம் இடது ஓரத்துக்குப் பக்கத்தில் வரும். வலது ஓரத்தில் இனி வரப்போகும் ஆண்டுகளுக்கும் கொஞ்சம் இடம் மிஞ்சும். நீளவாக்கில் பட்டைகளாகப் பிரித்து, அமெரிக்கா, ஐரோப்பா, ஆப்பிரிக்கா, மேற்கு ஆசியா, இந்தியா, சீனா என்று பட்டைக்கொரு நிறம் கொடுங்கள். உங்கள் கண் உயரத்தில் ஒட்டுங்கள், அப்பாவின் உயரத்தில் வேண்டாம்.

ஒரே ஒரு விதியை மட்டும் மீறக் கூடாது. ஒரு சென்டிமீட்டர் எங்கேயும் பத்து ஆண்டுதான். கடையில் கிடைக்கும் சில சுவரொட்டிகளில் பழைய காலத்தை நெருக்கி, நமக்குப் பக்கத்துக் காலத்தை இழுத்துப் போட்டிருப்பார்கள். பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் ஸ்கேல் வைத்து அளக்க முடியாது. அளக்க முடிந்தால்தான் காலக்கோடு ஓர் அறிவியல் கருவி.

அளந்து பாருங்கள். உங்களுக்குப் பத்து வயது என்றால் நீங்கள் ஒரு சென்டிமீட்டர். 80 வயதுப் பாட்டி 8 சென்டிமீட்டர். 1939 முதல் 1945 வரை நடந்த இரண்டாம் உலகப் போர் வெறும் 6 மில்லிமீட்டர்! பிளாசிப் போர் நடந்த 1757 முதல் 1947 வரை ஆங்கிலேயர் இந்தியாவில் கோலோச்சிய காலம் 19 சென்டிமீட்டர். சிந்துவெளி நகரங்கள் செழித்திருந்த காலம் சுமார் கி.மு. 2600 முதல் 1900 வரை, 70 சென்டிமீட்டர். ஒரு முழுத் தாளின் நீளம்! பாடப் புத்தகத்தில் எதற்கு எத்தனை பக்கம் என்பதை வைத்து நம் மனம் ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. ஸ்கேல் வேறு கணக்குச் சொல்கிறது.

கி.மு.வையும் கி.பி.யையும் தாண்டும்போது மட்டும் கொஞ்சம் கவனம் தேவை. வரலாற்று ஆண்டுக் கணக்கில் பூஜ்ஜியம் ஆண்டு கிடையாது. கி.மு. 1 முடிந்தால் அடுத்தது கி.பி. 1. ரோமப் பேரரசர் அகஸ்டஸ் கி.மு. 63-இல் பிறந்து கி.பி. 14-இல் இறந்தார். 63-ஐயும் 14-ஐயும் கூட்டினால் 77, அதிலிருந்து 1 கழித்தால் 76. அந்த 76-ஆவது பிறந்தநாளுக்கு ஒரு மாதம் இருக்கும்போதுதான் அவர் இறந்தார்.

இத்தனை ஆண்டுகளையும் யார் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று நீங்கள் கேட்பீர்கள், கேட்கவும் வேண்டும். ஒரே ஓர் ஆண்டை எடுத்துக்கொள்வோம்: 1021.

கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து தீவில் லான்ஸ் ஓ மெடோஸ் என்று ஓர் இடம். ஐரோப்பாவைச் சேர்ந்த வைக்கிங் மக்கள் கிரீன்லாந்திலிருந்து கடல் கடந்து வந்து அங்கே தங்கியிருந்த வீடுகளின் தடங்கள் 1960-இல் கிடைத்தன. ஆனால் எந்த ஆண்டில் தங்கினார்கள்? அங்கே கிடைத்த மரத்துண்டுகளில் உலோகக் கத்தியால் வெட்டிய தழும்பு இருந்தது. அந்தப் பகுதியில் வாழ்ந்த பூர்வகுடிகள் அப்படிப்பட்ட உலோகக் கருவிகளைப் பயன்படுத்தவில்லை. ஆகவே வெட்டியது வைக்கிங்குகள்தான்.

இப்போது வானத்தைப் பாருங்கள். 993-ஆம் ஆண்டு வாக்கில் விண்வெளியிலிருந்து ஏராளமான துகள்கள் பூமியின் காற்று மண்டலத்தில் வந்து மோதின. சூரியப் புயல் அதற்குக் காரணமாக இருக்கலாம் என்று விஞ்ஞானிகள் கருதுகிறார்கள். அதனால் காற்றில் கார்பன்-14 என்னும் கதிரியக்கக் கார்பன் சட்டென்று கூடியது. உலகம் முழுக்க மரங்கள் அந்தக் காற்றைத்தானே உள்ளே இழுக்கின்றன? அந்த ஆண்டு வளர்ந்த வளையத்தில் எல்லா மரத்திலும் கார்பன்-14 கூடுதலாகப் பதிந்துவிட்டது. குளிர்நாட்டு மரம் ஆண்டுக்கு ஒரு வளையம் போடும் என்பது உங்களுக்குத் தெரியும். விஞ்ஞானிகள் வைக்கிங்குகள் வெட்டிய மரத்துண்டில் அந்தக் கூடுதல் கார்பன் உள்ள வளையத்தைத் தேடிப் பிடித்தார்கள். அங்கிருந்து பட்டை வரை எண்ணினார்கள். 28 வளையங்கள். 993-உடன் 28-ஐக் கூட்டினால் 1021. மூன்று வெவ்வேறு மரங்களிலும் இதே விடை! 2021-இல் இந்த ஆய்வு வெளியானது. சரியாக ஆயிரம் ஆண்டுகள் கழித்து!

காலக்கோட்டில் 1021-இல் மேலிருந்து கீழாக ஒரு சிவப்புக் கோடு போடுங்கள். எல்லாப் பட்டைகளையும் அது வெட்டிக்கொண்டு போகட்டும். அமெரிக்கப் பட்டையில் வைக்கிங் கோடரி. ஆப்பிரிக்கப் பட்டையில், கெய்ரோவில் இப்னு அல்-ஹைதம், நாம் எப்படிப் பார்க்கிறோம், ஒளி எப்படிக் கண்ணுக்குள் வருகிறது என்று ஆராய்ந்துகொண்டிருக்கிறார். இந்தியப் பட்டையில் வடக்கே கஜினி முகமதுவின் படையெடுப்புகள், தெற்கே முதலாம் ராஜேந்திரன் ஆட்சி. சீனப் பட்டையில் சோங் வம்சம். அங்கிருந்து நம் பட்டைக்கு ஒரு மெல்லிய இணைப்புக் கோடும் வரையலாம், ஏனென்றால் 1015-இல் சோழர் தூதுக்குழு ஒன்று சோங் அரசவைக்குப் போய்ச் சேர்ந்தது. ஜப்பானுக்குத் தனிப் பட்டை இல்லையே என்று உங்களுக்குத் தோன்றினால், உடனே ஒரு பட்டை சேருங்கள். முரசாக்கி ஷிகிபு என்ற பெண்மணி ‘கெஞ்சியின் கதை’யை எழுதியது இந்தக் காலத்தை ஒட்டித்தான்.

சில இடங்களில் தாள் காலியாகவே இருக்கும். தென் அமெரிக்கப் பக்கமோ ஆஸ்திரேலியாவோ அப்படிக் கிடந்தால், அங்கே ஒன்றும் நடக்கவில்லை என்று எண்ணிவிடாதீர்கள். நமக்குக் கிடைத்த புத்தகங்களில் அது இல்லை, அவ்வளவுதான். அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு, நூலகத்துக்குப் போகும்போது தேடுங்கள். உறுதியில்லாத ஆண்டுகளுக்கு ப்ரீஸ்ட்லியைப் போலப் புள்ளி வையுங்கள்.

தம்பி தங்கைகள் கட்டாயம் ஒன்று கேட்பார்கள்: “டைனோசரை எங்கே ஒட்டுவது?” உலகம் எப்போது தொடங்கியது என்பதைப் பொறுத்தது அது. 1871-இல் அமெரிக்காவில் செபாஸ்டியன் ஆடம்ஸ் என்பவர் சுமார் 7 மீட்டர் நீளத்தில் அழகான உலக வரலாற்றுப் படம் வெளியிட்டார். அதில் உலகமே கி.மு. 4004-இல்தான் தொடங்கும். பைபிளை வைத்துப் பாதிரியார் ஒருவர் போட்ட பழைய கணக்கு அது. ஆனால் பூமிக்கு வயது சுமார் 454 கோடி ஆண்டுகள் என்று இன்று பாறைகளும் விண்கற்களும் சொல்கின்றன. நம் அளவுத்திட்டத்தில் டைனோசர் மறைந்த 6.6 கோடி ஆண்டுக்கு முந்தைய காலத்தை ஒட்ட, 66 கிலோமீட்டர் போக வேண்டும். சென்னையில் உங்கள் வீடு என்றால் செங்கல்பட்டைத் தாண்டிவிடுவீர்கள். பூமி பிறந்த இடம் 4540 கிலோமீட்டர் தொலைவில்.

எனவே அதற்கு இன்னொரு தாள் வேண்டும், வேறு அளவுத்திட்டம் வேண்டும். 1 செ.மீ. = 1 கோடி ஆண்டுகள் என்று வையுங்கள். பூமியின் வயது முழுவதும் 4 மீட்டர் 54 சென்டிமீட்டரில், அதே சுவரில், முதல் காலக்கோட்டுக்கு மேலேயே அடங்கிவிடும். டைனோசர் மறைந்தது வலது ஓரத்திலிருந்து 6.6 சென்டிமீட்டரில். முதல் தாளில் நீங்கள் வரைந்த 5600 ஆண்டுகள் மொத்தமும் இந்தத் தாளில் தலைமுடியைவிட மெல்லியதாகிவிடும், பென்சிலை எவ்வளவு கூராகச் சீவினாலும் வரைய முடியாது. இரண்டு தாளிலும் இடது மூலையில் அளவுத்திட்டத்தைப் பெரிய எழுத்தில் எழுத மறக்காதீர்கள்.