அரட்டை அறையை யார் பெயரில் பதிவது?



சில வாரங்களுக்கு முன் ஜும்ஆ முடிந்து நாம் வெளியே வரும்போது, நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு சகோதரர் தம் மகனை அழைத்துக்கொண்டு வந்தார். பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கும் அந்தத் தம்பி, நண்பர்கள் நால்வருடன் சேர்ந்து தொழுகை நேரம் காட்டும் செயலி ஒன்றை எழுதி வருகிறார். அதன் நிரலை யாரும் பார்க்கலாம், திருத்தலாம் என்று திறந்த மூல முறையில் வெளியிட்டிருக்கிறார்கள். அதைப் பற்றிப் பேச இணைய அரட்டை வலையமைப்பில் ஒரு சேனல் பதிவு செய்ய வேண்டுமாம். தந்தைக்கு 'சாட்' என்ற சொல்லே பிடிக்கவில்லை. "ஹஜ்ரத், கண்டவங்களும் வந்து போற இடம் இது. திறக்கலாமா?" என்று கேட்டார்.

நாம் மதரஸாவில் ஓதியவர்கள், கல்லூரியில் படித்தது வரலாறு. கணினி நமக்குப் பாடமாக இருந்ததில்லை. தெரியாத ஒன்றுக்கு 'கூடும், கூடாது' என்று சொல்வது முறையல்ல என்பதால், அந்தத் தம்பியிடமே இரண்டு மாலைகள் உட்கார்ந்து கேட்டுக்கொண்டோம். பிள்ளைகள் இப்படி ஒன்றைத் தொடங்குவதாகச் சொன்னால் பெற்றோர் எதைக் கேட்க வேண்டும் என்பதற்காக, அறிந்ததை இங்கே எழுதுகிறோம்.

இந்த அரட்டை முறையின் பெயர் ஐ.ஆர்.சி. 1988-ல் பின்லாந்தின் ஔலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஓய்கரினென் என்பவர் உருவாக்கியது. வாட்ஸ்அப்புக்கும் பேஸ்புக்குக்கும் வெகுகாலம் முந்தியது. படம், குரல் எல்லாம் கிடையாது, வெறும் எழுத்துதான். ஒரு சேவையகத்தில் இணைந்து, ஹேஷ் குறியோடு ஒரு பெயரைத் தட்டினால் அந்தப் பெயருள்ள அறைக்குள் போகலாம். அதைத்தான் சேனல் என்கிறார்கள். அப்படி ஒரு அறை ஏற்கெனவே இல்லையென்றால், தட்டிய அந்த நொடியிலேயே அது பிறந்துவிடும். முதலில் நுழைந்தவர் அதன் நிர்வாகி. ஆளை வெளியேற்றவும் தடுக்கவும் அவருக்கு அதிகாரம் உண்டு. எல்லோரும் வெளியேறிவிட்டால் அறையும் மறைந்துவிடும்.

ஆரம்ப காலத்துச் சிக்கல் இங்கேதான் இருந்தது. அறைக்கு உரிமையாளர் என்று எங்கும் பதிவு இல்லை. வலையமைப்பின் சேவையகங்களுக்கிடையே இணைப்பு அறுந்தால், ஒரு பக்கம் ஆளில்லாமல் போகும். அந்தப் பக்கத்தில் எவரோ ஒருவர் அதே பெயரில் நுழைந்து நிர்வாகியாகிவிடுவார். இணைப்பு திரும்பியதும் பழைய நிர்வாகிகளை வெளியே தள்ளிவிட்டு அறையைப் பிடித்துக்கொள்வார். பத்திரமில்லாத நிலத்தில் விடிவதற்குள் வேலி போட்டுக்கொள்வதைப் போலத்தான்.

இதற்குத் தீர்வாகச் சில வலையமைப்புகள் 1990-களில் பதிவு முறையைக் கொண்டுவந்தன. அவற்றில் டால்நெட் முக்கியமானது. பதிவேட்டைக் காக்கும் வேலையை மனிதர்கள் செய்வதில்லை, இரண்டு தானியங்கிகள் செய்கின்றன. பயனர் பெயரைக் காப்பது நிக்செர்வ், அறையைக் காப்பது சான்செர்வ். இன்று திறந்த மூல மென்பொருள் குழுக்கள் அதிகம் பயன்படுத்தும் லிபெரா சாட் வலையமைப்பிலும் இதே முறைதான்.

தம்பி நம் கண்ணெதிரே செய்து காட்டினார். முதலில் தனக்கு ஒரு புனைபெயர் வைத்துக்கொண்டு நுழைந்தார். நிக்செர்வுக்கு 'ரெஜிஸ்டர்' என்ற கட்டளையோடு கடவுச்சொல்லையும் மின்னஞ்சல் முகவரியையும் அனுப்பினார். மின்னஞ்சலுக்கு ஒரு குறியீடு வந்தது. அதைத் திருப்பி அனுப்பியதும் பெயர் அவருடையதாயிற்று. பிறகு அறைக்குள் நுழைந்து, நிர்வாகியாக இருக்கும் நிலையிலேயே, சான்செர்வுக்கு 'ரெஜிஸ்டர்' என்றும் அறையின் பெயரையும் தட்டினார். அவ்வளவுதான். இரண்டும் சேர்ந்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

பெயரில் ஒரு நுணுக்கம் உண்டு. லிபெராவில் ஒற்றை ஹேஷ் குறியோடு தொடங்கும் அறைகள், அந்தப் பெயருக்கு உரிய திட்டத்துக்கோ குழுவுக்கோ ஒதுக்கப்பட்டவை. பொதுவாக ஒரு தலைப்பைப் பற்றிப் பேசும் அறை என்றால் இரண்டு ஹேஷ் போட வேண்டும். வேறொரு குழுவின் பெயரில் ஒற்றை ஹேஷ் அறையை நாம் முந்திக்கொண்டு பதிந்தாலும், அந்தக் குழு வந்து கேட்டால் அது அவர்களுக்குத்தான் போகும். முந்தி வந்தவன் என்பதாலேயே உரிமை வந்துவிடாது என்ற இந்த விதி நமக்குப் பிடித்திருந்தது.

தந்தையின் கேள்விக்கு வருவோம். கண்டவர்களும் வர முடியுமா? வர முடியும். ஆனால் கதவுக்குத் தாழ்ப்பாள்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆங்கில எழுத்து. 'ஆர்' என்பதை இயக்கினால் பெயரைப் பதிந்தவர்கள் மட்டுமே நுழையலாம். 'ஐ' என்றால் அழைக்கப்பட்டவர்கள் மட்டும். 'எம்' என்றால் நிர்வாகி அனுமதித்தவர்கள் மட்டுமே பேசலாம், மற்றவர்கள் கேட்கலாம். 'டி' என்பது அறையின் தலைப்பைக் கண்டவர்களும் மாற்றாமல் தடுக்கும். இந்த அமைப்புகளை யாரும் கழற்றாமல் பூட்டிவைக்கச் சான்செர்விடம் 'எம்லாக்' என்ற வசதி இருக்கிறது.

அறையைவிட நாம் கவனிக்க வேண்டியது தனிச்செய்தியைத்தான். அறையில் இருக்கும் எவரும் இன்னொருவருக்குத் தனியாக எழுதலாம், அது நிர்வாகிக்குத் தெரியாது. இதற்குப் பயனர் தன் பக்கத்தில் பெரிய எழுத்து 'ஆர்' அமைப்பை இயக்கிக்கொள்ள வேண்டும். அதன்பின் பெயரைப் பதியாதவர்களின் தனிச்செய்தி வராது. வீட்டில் பெண்பிள்ளைகளும் இத்தகைய குழுக்களில் நிரல் எழுதக் கற்கிறார்கள், கற்கவும் வேண்டும். அவர்களுக்கு இதை முதல் நாளே சொல்லிக்கொடுங்கள். இன்னொன்று: சேவையகம் பேச்சைச் சேமித்து வைப்பதில்லை என்பதால் பேசியது மறைந்துவிடும் என்று நினைக்கக் கூடாது. அறையில் உள்ள எவரும் தம் கணினியில் அதைப் பதிவு செய்துகொள்ளலாம். பலர் செய்கிறார்கள்.

இவ்வளவையும் பார்த்தபின் நாம் தம்பியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டோம். "ஐந்து பேர் வேலை இது. அறை யார் பேரில் இருக்கிறது?"

"என் பேர்லதான் ஹஜ்ரத். நான்தானே பதிஞ்சேன்."

ஒரு வக்ஃபு சொத்து தனி மனிதர் பெயரில் பதிவானதால் இரண்டு தலைமுறை வழக்காடிய கதையை நம் ஊர்களில் கேட்காதவர் இருக்க மாட்டார்கள். எழுதியவரின் நிய்யத்தில் குறை இருக்காது. அவர் மௌத்தானபின் முத்தவல்லி யார் என்று எழுதி வைக்காததுதான் குறை. இங்கேயும் அதே நிலைதான். பதிந்தவரின் கணக்கு நீண்ட நாள் பயன்படாமல் கிடந்தால் அது காலாவதியாகும். அவரைத் தவிர வேறு உரிமையாளர் இல்லையென்றால் அறையும் கைவிட்டுப் போகும்.

அறையைத் தாங்கும் வலையமைப்பின் உரிமைக்கும் இதே கதி வரலாம். இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் திறந்த மூலக் குழுக்களின் கூடாரமாக இருந்தது பிரீநோட். 2021 மே மாதம் அதன் கட்டுப்பாடு யாரிடம் என்ற தகராறு முற்றி, அதைத் தொண்டாக நடத்தி வந்தவர்கள் மொத்தமாக விலகினார்கள். அவர்கள் தொடங்கியதுதான் லிபெரா. தலைப்பில் 'லிபெராவுக்கு மாறிவிட்டோம்' என்று எழுதியிருந்த நூற்றுக்கணக்கான அறைகளை அதே மாத இறுதியில் பிரீநோட் நிர்வாகம் எடுத்துக்கொண்டது. ஜூன் மாதம் பதிவேட்டையே புதிதாகத் தொடங்கியது. பழைய பெயர்ப் பதிவுகளும் அறைப் பதிவுகளும் போயின. ஆனாலும் உபுண்டு, விக்கிமீடியா போன்ற குழுக்கள் சிதறிவிடவில்லை. தங்களுக்குச் சொந்தமான இணையதளத்தில் 'இனி எங்கள் அறை இங்கே' என்று எழுத அவர்களால் முடிந்தது. லிபெரா இப்போது சுவீடனில் லாப நோக்கற்ற அமைப்பாகப் பதிவாகியிருக்கிறது.

சான்செர்வில் 'பிளாக்ஸ்' என்ற கட்டளை இருக்கிறது. யாருக்கு என்ன அதிகாரம் என்பதை எழுத்து எழுத்தாகக் குறிக்கும் பட்டியல் அது. 'ஓ' என்றால் நிர்வாகியாகலாம், 'டி' என்றால் தலைப்பை மாற்றலாம். பெரிய எழுத்து 'எஸ்' வாரிசு. பெரிய எழுத்து 'எப்' முழு உரிமையாளர், அது ஒருவருக்கு மேலும் இருக்கலாம். தம்பி அன்றே இன்னொரு நண்பருக்கு 'எப்' கொடுத்தார். மூன்றாமவரை வாரிசாக எழுதினார். மீதி இருவருக்கு 'ஓ'. எல்லோருக்கும் 'எப்' கொடுத்துவிடலாமே என்றார். வேண்டாம் என்றோம். உரிமையாளர் என்றால் மற்றவர்களின் அதிகாரத்தையும் பறிக்கலாம், அறையையே பதிவிலிருந்து நீக்கலாம். ஒருவரின் கடவுச்சொல் களவு போனாலும் போதும், அறை போய்விடும்.

தந்தை அதுவரை பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் அவர் கேட்டதுதான் நமக்குத் தோன்றாத கேள்வி. "எந்த மெயில்ல பதிஞ்சிருக்கே?"

கல்லூரி கொடுத்த மின்னஞ்சலில். படிப்பு முடிந்ததும் கல்லூரி அதை மூடிவிடும். அதன்பின் கடவுச்சொல் மறந்தால் மீட்கும் கடிதம் வந்து சேர இடமே இருக்காது. அஸர் பாங்கு சொல்வதற்குள் தம்பி தன் சொந்த முகவரிக்கு மாற்றிவிட்டார். மற்ற நால்வருக்கும் அதையே செய்யச் சொல்லி அங்கிருந்தே செய்தி அனுப்பினார்.