முகச் சிவப்பும் உணவுக்குழல் புற்றுநோயும்

ஜப்பான், சீனா, கொரியா ஆகிய நாடுகளில் சிறிதளவு மது அருந்தியவுடனேயே முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, குமட்டலால் அவதியுறுவோர் பலர். இது வெறும் உடல் இயல்பு அன்று. பின்னர் வரக்கூடிய ஒரு கொடிய நோயின் முன்னறிவிப்பும் ஆகும் என்பதை ஆராய்ச்சிகள் தெளிவாக்கியுள்ளன.

உடலில் புகும் ஆல்கஹால் பெரும்பாலும் ஈரலில் இரு படிகளில் மாற்றமடைகிறது. முதற்படியில் அது அஸிட்டால்டிஹைடு என்னும் நச்சுப்பொருளாகிறது. இரண்டாம் படியில் ஏ.எல்.டி.எச்.2 என்னும் நொதி, அந்நச்சைத் தீங்கற்ற அஸிட்டேட்டாக மாற்றுகிறது. இந்நொதிக்குரிய ஜீன் 12-ஆம் குரோமோசோமில் உள்ளது. அதில் நேர்ந்த ஒரே ஓர் எழுத்து மாற்றத்தால் நொதியின் ஆற்றல் பெரிதும் குன்றிவிடுகிறது. நச்சு உடலில் தங்கிவிடுகிறது. முகச் சிவப்பு அதன் வெளி அடையாளமே.

பெற்றோர் இருவரிடமிருந்தும் குறையுள்ள ஜீனைப் பெற்றவர்கள் மதுவைத் தாங்க இயலாமல் விலகிவிடுகின்றனர். ஆகவே ஓரளவு தப்புகின்றனர். ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர்களோ நாளடைவில் பழகிவிடக்கூடும். இவர்களே உணவுக்குழல் புற்றுநோய்க்கு மிகுதியும் ஆளாகின்றனர். ஜப்பானில் மதுவுக்கு அடிமையாகிச் சிகிச்சை பெற்றவர்களுள் இத்தகையோர் 1979-ல் 2.5 சதவீதம், 1992-ல் 13 சதவீதம். ஜீன் அதே ஜீன்தான். மாறியது சமூகப் பழக்கமே.

1988-ல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் மதுபானங்களைப் புற்றுநோய்க் காரணிகளாக அறிவித்தது. 2009-ல் மதுவினால் உண்டாகும் அஸிட்டால்டிஹைடையும் அவ்வகையில் சேர்த்தது. 2018-ல் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர்கள், இந்நச்சு எலிகளின் இரத்த மூல உயிரணுக்களிலுள்ள டி.என்.ஏ.வைச் சிதைப்பதை எடுத்துக் காட்டினர்.

குறையுள்ளவர்களைக் கண்டறிய எப்போதும் ஆய்வுக்கூடம் வேண்டுவதில்லை. "ஒரு குவளை பீர் அருந்தியதும் உங்கள் முகம் சிவக்கிறதா? குடிக்கத் தொடங்கிய முதல் ஓரிரு ஆண்டுகளில் சிவந்ததுண்டா?" என்னும் இரு வினாக்களே ஜப்பானிய ஆய்வுகளில் பெரும்பாலோரை இனங்காட்டின. இரண்டாவது வினா முக்கியமானது. பழக்கம் மிகுந்தபின் சிவப்பு மறைந்துவிடலாம், ஆபத்து மறைவதில்லை.

இந்தியாவில் பெரும்பாலான மக்களிடையே இந்த ஜீன் மாற்றம் அரிது. எனினும் முகம் சிவக்காதவருக்கு மதுவால் தீங்கில்லை என்று கொள்ளுதல் பிழை. மதுவும் புகையிலையும் சேரும்போது வாய், தொண்டை, உணவுக்குழல் ஆகியவற்றில் புற்றுநோய் அபாயம் பன்மடங்காகிறது. இவ்வுண்மையைக் கிராமந்தோறும் பள்ளிதோறும் எடுத்துரைப்பது ஊழியர், ஆசிரியர் ஆகியோரின் கடமையாகும்.