பழைய காருக்குக் கூடுதல் பலம்: சூட்டை அடக்க எதை முதலில் மாற்றுவது?

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி, எஞ்சினைப் பலப்படுத்தி ஓட்டுகிறீர்கள். கொஞ்ச நாளில் சூட்டு முள் மேலே ஏறத் தொடங்குகிறது. உடனே தோன்றுவது, பெரிய ரேடியேட்டர் ஒன்றை வாங்கி மாட்டிவிடலாம் என்பது. சில நேரம் அது சரியான முடிவு. பல நேரம் பணம் செலவாகும், சூடு அப்படியே இருக்கும். எதை எந்த வரிசையில் மாற்றுவது என்று ஒரே ஒரு காரை வைத்துப் பார்ப்போம்.

எந்தக் கார்? மாஸ்டா எம்எக்ஸ்-5 காரின் முதல் தலைமுறை. 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமாகி, 1997 வரை தயாரான இரண்டு இருக்கைக் கார் இது. அமெரிக்காவில் மியாட்டா என்றும், ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்றும் விற்றார்கள். தொடக்கத்தில் வந்த 1.6 லிட்டர் எஞ்சினின் பலம் சுமார் 115 குதிரைத்திறன். அதில் டர்போ (புகை வெளியேறும் வேகத்தில் சுழன்று, எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி) மாட்டி 200 வரை கொண்டுபோகிறவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். உங்களிடம் இருப்பது வேறு கார் என்றாலும், யோசிக்க வேண்டிய வரிசை பெரும்பாலும் இதேதான்.

பலம் கூடினால் சூடு எவ்வளவு கூடும்? எரியும் பெட்ரோலின் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் காரை நகர்த்தும் வேலையாகிறது. இன்னொரு பெரும்பங்கு புகையோடு போய்விடுகிறது. மீதியைக் கூலன்ட் (எஞ்சினுக்குள் ஓடிச் சூட்டை எடுத்துவரும் நீர்க்கலவை) சுமக்கிறது. ஆகவே எஞ்சினிடமிருந்து இரண்டு மடங்கு வேலை வாங்கினால், கூலன்ட் சுமக்கும் சூடும் இரண்டு மடங்கை நெருங்கும்.

அப்படியானால் டர்போ மாட்டிய எல்லாக் காருக்கும் பெரிய ரேடியேட்டர் கட்டாயமா? இல்லை. சாலையில் முழு பலத்தையும் சில நொடிகளுக்கு மேல் பயன்படுத்த வழியில்லை. பந்தயத் தடத்தில் அதையே நிமிடக்கணக்கில் பயன்படுத்துவீர்கள். நீங்கள் மாட்டிய டர்போவைவிட, காரை எங்கே ஓட்டுகிறீர்கள் என்பதே செலவைத் தீர்மானிக்கிறது. கடைக்குப் போவதற்கு முன் இந்தக் கேள்விக்கு உண்மையான பதிலைச் சொல்லிக்கொள்ளுங்கள்.

சூடு எப்போது ஏறுகிறது? இதைக் கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும். சிக்னலிலும் நெரிசலிலும் ஏறி, வேகம் பிடித்ததும் இறங்கினால் ஃபேனையோ அதன் ஸ்விட்சையோ பாருங்கள். நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் போகும்போதே ஏறினால், ரேடியேட்டர் அடைத்திருக்கலாம், அல்லது காற்று அதன் வழியே போகாமல் வேறு வழியில் நழுவலாம். அழுத்தி ஓட்டும்போது மட்டும் திடீரென்று ஏறினால் பெட்ரோல் அளவு, தீப்பொறி நேரம், ஹெட் கேஸ்கட் (எஞ்சின் உடலுக்கும் அதன் தலைப்பகுதிக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு) ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். பந்தயத் தடத்தில் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே போனால்தான், ரேடியேட்டர் போதவில்லை என்று சந்தேகிக்கலாம்.

டாஷ்போர்டில் உள்ள முள்ளை நம்பலாமா? முழுதாக நம்பாதீர்கள். பல கார்களின் முள், சூடு கணிசமாக ஏறி இறங்கினாலும் நடுவிலேயே நிற்கும்படி அமைக்கப்பட்டிருக்கும். அது நகரத் தொடங்கும்போது நேரம் கடந்திருக்கும். எண்ணில் சூட்டைக் காட்டும் தனி மானி ஒன்றை முதலில் பொருத்துங்கள். இந்தப் பட்டியலிலேயே குறைந்த விலையில் அதிகம் காப்பாற்றுவது அதுதான்.

அந்த மானி மட்டும் போதுமா? இன்னொரு ஆபத்து உண்டு. ஹோஸ் வெடித்துக் கூலன்ட் முழுதும் வெளியேறிவிட்டால், சென்சார் வெறும் காற்றில் நிற்கும். அப்போது மானி குறைந்த சூட்டைக் காட்டக்கூடும். எண் திடீரென்று விழுந்தாலும் காரை நிறுத்திப் பாருங்கள். கூலன்ட் அளவோ அழுத்தமோ குறைந்தால் விளக்கு எரியும் சென்சார் வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

புதிய சாமான் வாங்கும் முன் என்ன செய்ய வேண்டும்? பழையதைப் புதுப்பியுங்கள். முப்பது வருடக் காரில் ஹோஸ்கள், தெர்மோஸ்டாட் (கூலன்ட் சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறக்கும் வால்வு), ரேடியேட்டர் மூடி, வாட்டர் பம்ப் எல்லாமே சந்தேகத்துக்குரியவை. எம்எக்ஸ்-5 ரேடியேட்டரின் மேல்தொட்டி பிளாஸ்டிக்கால் ஆனது. புதிதாக இருக்கும்போது கறுப்பாக இருக்கும் அது, பழுப்பும் பச்சையும் கலந்த நிறத்துக்கு மாறிவிட்டால் எப்போது வேண்டுமானாலும் விரிசல் விடும். அந்த நிறத்தைப் பார்த்துவிட்டால் தள்ளிப்போடாமல் மாற்றுங்கள்.

ஹெட் கேஸ்கட் போயிருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ரேடியேட்டர் வாயில் வைத்துப் பார்க்கும் நீல நிற ரசாயனச் சோதனை ஒன்று மெக்கானிக்குகளிடம் இருக்கும். எஞ்சினின் புகை கூலன்டில் கலந்திருந்தால் நீலம் மஞ்சளாக மாறும். அப்படி மாறிய எஞ்சினுக்கு எவ்வளவு பெரிய ரேடியேட்டர் போட்டாலும் பலன் இல்லை. ஓட்டையை அடைக்கும் பொடியோ திரவமோ ஊற்றாதீர்கள். அது ரேடியேட்டரின் நுண்குழாய்களையும் சேர்த்து அடைத்துவிடும்.

கூடுதல் அழுத்தம் தாங்கும் மூடி போடலாமா? வெறும் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். மூடி ஒரு பார் அழுத்தத்தை உள்ளே தேக்கினால், அதே தண்ணீர் ஏறத்தாழ 120 டிகிரி வரை கொதிக்காது. மூடியின் வேலை அவ்வளவுதான். அது கொதிப்பைத் தள்ளிப்போடும், சூட்டை ஒரு டிகிரிகூடக் குறைக்காது. பழைய பிளாஸ்டிக் தொட்டி உள்ள ரேடியேட்டரில் அதிக அழுத்த மூடி போட்டால், தொட்டி வெடிக்கும் நாள் நெருங்கிவரும்.

கூலன்ட் கலவை எப்படி இருக்க வேண்டும்? சூட்டைச் சுமப்பதில் தண்ணீரே சிறந்தது. பாதிக்குப் பாதி கிளைக்கால் (தண்ணீர் உறையாமலும் சீக்கிரம் கொதிக்காமலும் காக்கும் திரவம்) கலந்தால், அந்தத் திறன் கொஞ்சம் குறையும். ஆனால் வெறும் தண்ணீர் உள்ளே துருவையும் அரிப்பையும் உண்டாக்கும். பனி உறையாத ஊரில் கிளைக்கால் அளவைக் குறைத்து, துருத் தடுப்பு மருந்து சேர்த்த கலவை போதும். பனி விழும் ஊரில் பாதிக்குப் பாதியை விட்டு இறங்காதீர்கள். எங்கே இருந்தாலும் குழாய்த் தண்ணீர் வேண்டாம், காய்ச்சி வடித்த நீரையே ஊற்றுங்கள்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டால் சூடு குறையுமா? பலர் அப்படிச் செய்கிறார்கள், செய்யாதீர்கள். எஞ்சின் சரியான சூட்டுக்கு வர நெடுநேரம் ஆகும். அதுவரை பெட்ரோல் வீணாகும், எஞ்சின் தேயும். சீக்கிரம் திறக்கும் தெர்மோஸ்டாட் போட்டாலும் ரேடியேட்டரின் திறன் கூடிவிடாது. சூடு ஏறத் தொடங்கும் புள்ளி சற்றுத் தாழும், அவ்வளவே. தடத்தில் சில சுற்றுகளில் அந்த இடைவெளி கரைந்துவிடும்.

பழையவை எல்லாம் சரியாகிவிட்டன, இன்னும் சூடு. அடுத்து என்ன? காற்று. வரப்பில் ஓட்டை இருந்தால் வாய்க்கால் தண்ணீர் பயிருக்குப் போய்ச் சேராது. காற்றும் அப்படித்தான், இடைவெளி கிடைத்தால் ரேடியேட்டரைச் சுற்றிக்கொண்டு போய்விடும். முன்பக்க வாய்க்கும் ரேடியேட்டருக்கும் நடுவே பக்கவாட்டிலும் மேலும் கீழும் உள்ள சந்துகளை ஸ்பான்ஜாலும் தகட்டாலும் அடைத்துவிடுங்கள். உள்ளே வரும் காற்று அத்தனையும் ரேடியேட்டரின் வழியே மட்டும் போக வேண்டும்.

காருக்கு அடியில் இருந்த பிளாஸ்டிக் தட்டு எங்கே? கைமாறி வந்த எம்எக்ஸ்-5 கார்கள் பலவற்றில் அது இருக்காது. யாரோ ஆயில் மாற்றக் கழற்றி, திரும்ப மாட்டாமல் விட்டிருப்பார்கள். அந்தத் தட்டு இல்லாவிட்டால் வேகமாகப் போகும்போது காற்று ரேடியேட்டரைத் தொடாமல் அடியில் நழுவும். நெடுஞ்சாலையில் மட்டும் சூடேறுகிறது என்றால், குனிந்து அதைத்தான் முதலில் பாருங்கள்.

டர்போவோடு இன்டர்கூலரும் (டர்போ அனுப்பும் சூடான காற்றைக் குளிரவைக்கும் பெட்டி) வந்திருக்குமே, அதனால் பாதிப்பு உண்டா? உண்டு. அது ரேடியேட்டருக்கு முன்னால் உட்கார்ந்து காற்றை மறிக்கிறது, வருகிற காற்றையும் சூடாக்கி அனுப்புகிறது. ஏசியின் கண்டென்சரும் அங்கேதான் இருக்கிறது. தேவையைவிடப் பெரிய இன்டர்கூலர் வாங்கினால், அதற்கான விலையை ரேடியேட்டர் கொடுக்க வேண்டியிருக்கும்.

பானட்டின் பின்பக்கத்தைச் சற்றுத் தூக்கி வைத்தால் சூடு வெளியேறுமா? நின்றுகொண்டிருக்கும்போது கொஞ்சம் வெளியேறும். ஓடும்போது கண்ணாடிக்கு அடியில் காற்றழுத்தம் அதிகம் என்பதால், காற்று அங்கிருந்து உள்ளே வரத்தான் பார்க்கும். ரேடியேட்டருக்குச் சற்றுப் பின்னால், பானட்டின் முன்பாதியில் திறப்பு வைத்தால்தான் சூடான காற்று நன்றாக வெளியேறும்.

பெரிய ஃபேன் உதவுமா? நெரிசலில் உதவும். நல்ல வேகத்தில் ஃபேனுக்கு வேலையே இல்லை, கார் போகும் வேகமே போதிய காற்றைத் தரும். ஃபேன் மாற்றுவதானால் ஷ்ரவுடோடு (ஃபேன் இழுக்கும் காற்று ரேடியேட்டர் முழுக்கப் பரவச் செய்யும் கூடு) சேர்த்து வாங்குங்கள். ஷ்ரவுட் இல்லாத ஃபேன் தனக்கு நேர் எதிரே உள்ள வட்டத்தை மட்டும் குளிரவைக்கும்.

சரி, ரேடியேட்டர் எப்படித் தேர்ந்தெடுப்பது? இத்தனைக்கும் பிறகு சூடு ஏறினால் முழு அலுமினிய ரேடியேட்டருக்குப் போங்கள். வெடிக்கக்கூடிய பிளாஸ்டிக் தொட்டி அதில் இல்லை என்பதே முதல் லாபம். தடிமன் கூடினால் நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். தடிமன் கூடக் கூடக் காற்று ஊடுருவுவது கடினமாகும், பின்வரிசைக் குழாய்களுக்குச் சூடான காற்றே போய்ச் சேரும். சாலையில் ஓட்டும் காருக்கு நடுத்தரத் தடிமனும் நல்ல வெல்டிங்கும் போதும். மிகத் தடித்தது தேவைப்படுவது, காற்று வழியை நன்றாக அடைத்த தடக் காருக்குத்தான். வாங்கும் முன் ஃபேனும் இன்டர்கூலர் குழாய்களும் இடிக்காமல் பொருந்துமா என்று அளந்து பாருங்கள்.

எம்எக்ஸ்-5 காருக்கென்றே ஒரு சிக்கல் உண்டு என்கிறார்களே, அது என்ன? இந்த எஞ்சின் குடும்பம் மாஸ்டாவின் முன்சக்கர இயக்கக் கார்களில் குறுக்காகப் படுக்கவைக்கப்பட்டது. அங்கே கூலன்ட் ஒரு முனையில் நுழைந்து, நான்கு சிலிண்டர்களையும் கடந்து, மறுமுனையில் வெளியேறும். எம்எக்ஸ்-5 காரில் எஞ்சினை நீளவாக்கில் திருப்பிவைத்தபோது, அந்த மறுமுனை பின்னால் உள்ள தடுப்புச் சுவரை ஒட்டிவந்துவிட்டது. அதனால் வெளியேறும் வழியையும் முன்பக்கத்திலேயே வைத்தார்கள். கூலன்டில் பெரும்பகுதி முன்னால் நுழைந்து முன்னாலேயே வெளியேற, பின்கோடியில் உள்ள நான்காவது சிலிண்டருக்குக் குறைவாகவே போகிறது.

அதனால் உங்களுக்கு என்ன? 115 குதிரைத்திறனில் ஒன்றும் இல்லை. டர்போவோடு தடத்தில் ஓட்டினால், மானி நல்ல எண்ணைக் காட்டும்போதே நான்காவது சிலிண்டர் மற்றவற்றைவிடச் சூடாக இருக்கலாம். அதற்குத் தீர்வு, தெர்மோஸ்டாட்டையும் வெளியேறும் குழாயையும் எஞ்சினின் பின்முனைக்கு மாற்றுவது. இதற்கான கிட் தனியாக விற்கிறது. பெரிய ரேடியேட்டரால் செய்ய முடியாத வேலை இது. சாலையில் மட்டும் ஓட்டுபவர் இந்தச் செலவைத் தள்ளிப்போடலாம். தடத்துக்குப் போகும் டர்போ காருக்கு இது முன்வரிசைச் செலவு.

ஆயில் கூலரும் வேண்டுமா? தடத்தில் ஓட்டினால் ஆயிலின் சூட்டையும் அளந்து பாருங்கள். 100 முதல் 120 டிகிரி வரை கவலை இல்லை. 130-ஐத் தாண்டிக்கொண்டே இருந்தால் ஆயில் கூலர் வையுங்கள். அதற்கும் தெர்மோஸ்டாட் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். இல்லாவிட்டால் சாதாரண நாளில் ஆயில் சூடாகாமலே கிடக்கும்.

எல்லாம் மாட்டியாயிற்று, இனி ஓட்டலாமா? உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றாமல் ஓட்டாதீர்கள். காரின் முன்பக்கத்தை உயர்த்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் திறந்து, கூலன்டை மெதுவாக ஊற்றுங்கள். எஞ்சின் ஓடும்போது குமிழிகள் நிற்கும்வரை காத்திருங்கள். சூடான எஞ்சினில் மூடியைத் திறக்கவே கூடாது. பீறிடும் கூலன்ட் முகத்தை வேகவைத்துவிடும்.

செலவை எப்போது நிறுத்தலாம்? வெயில் நாளில், நீங்கள் வழக்கமாக ஓட்டும் விதத்திலேயே இருபது நிமிடம் ஓட்டி மானியைப் பாருங்கள். எண் ஏறி, 100-க்குக் கீழே ஓரிடத்தில் நிலைத்து நின்றால் உங்கள் காருக்கு இருப்பதே போதும், அடுத்த சாமானை வாங்காதீர்கள். நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் வேகத்தைக் குறைத்து, மேலே சொன்ன வரிசையில் விடுபட்டது எது என்று திரும்பப் பாருங்கள்.