தலை சுற்றுபவரை ஏன் நடக்கச் சொல்கிறார்கள்?

மாணவர்களே, முதலில் ஒரு சிறிய சோதனை. இந்தப் பக்கத்தை முகத்துக்கு நேராக நீட்டிப் பிடியுங்கள். தலையை அசைக்காமல் தாளை மட்டும் இடமும் வலமுமாக வேகமாக ஆட்டியபடி படித்துப் பாருங்கள். எழுத்துகள் கலங்கிப்போகும். இப்போது தாளை அசைக்காமல் பிடித்துக்கொண்டு, "இல்லை, இல்லை" என்பதுபோல் தலையை அதே வேகத்தில் ஆட்டியபடி படியுங்கள். எழுத்துகள் தெளிவாகவே தெரியும். இரண்டு முறையும் வேகம் ஒன்றுதான். பிறகு ஏன் இந்த வேறுபாடு?

இரண்டாவது முறை உங்கள் கண்களுக்குக் காதுகள் உதவி செய்தன. தலை எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்பதை உட்செவி அளந்து மூளைத்தண்டுக்கு அனுப்புகிறது. உடனே கண் தசைகள் விழிகளை அதே அளவுக்கு எதிர்ப்பக்கம் திருப்புகின்றன. இதற்கு ஆகும் நேரம் வினாடியில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்குதான். தாளை ஆட்டும்போதோ காதிடமிருந்து எந்தச் செய்தியும் வருவதில்லை. கண் தனியாகவே எழுத்தைத் துரத்துகிறது, பின்தங்கிவிடுகிறது.

நாம் அறியாமலே நாள் முழுவதும் நடக்கும் இந்த வேலை கெட்டுப்போனால்? தலைச்சுற்றல் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நீடிக்கும் பலர் அப்படித்தான் வாழ்கிறார்கள். உங்கள் பாட்டியோ, அத்தையோ, வகுப்புத் தோழரோ அவர்களில் ஒருவராக இருக்கலாம். "பேசாமல் படுத்து ஓய்வெடுங்கள்" என்றுதான் நமக்குச் சொல்லத் தோன்றும். மருத்துவர்களோ பல நேரங்களில், "எழுந்து நடங்கள், தலையைத் திருப்புங்கள்" என்கிறார்கள். அதற்கான காரணம் மூளையின் ஓர் அருமையான பண்பில் இருக்கிறது.

கயிறிழுக்கும் இரண்டு காதுகள்

உட்செவியில், கேட்பதற்கு உதவும் நத்தை வடிவ உறுப்புக்குப் பக்கத்தில் மூன்று அரைவட்டக் கால்வாய்கள் உள்ளன. அவை வெவ்வேறு திசைகளைப் பார்த்தபடி அமைந்திருப்பதால், தலை எப்படித் திரும்பினாலும் ஏதாவது ஒன்று அதை உணர்ந்துவிடும். கால்வாய்களுக்குள் ஒரு திரவம் இருக்கிறது. தலை திரும்பும்போது கால்வாயும் கூடவே திரும்புகிறது. திரவம் சற்றுப் பின்தங்குகிறது. அந்தத் தள்ளலில் உணர்வு செல்களின் நுண்ணிய மயிரிழைகள் வளைய, நரம்பு வழியாக மூளைக்குச் செய்தி போகிறது. கால்வாய்களின் அடியில் உள்ள இரண்டு சிறு பைகள் புவியீர்ப்பையும் நேர்கோட்டு அசைவையும் உணர்கின்றன. மின்தூக்கி மேலே கிளம்புவதைக் கண்ணை மூடிக்கொண்டே நீங்கள் அறிவது இந்தப் பைகளால்தான்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. தலை அசையாமல் இருக்கும்போதும் இரண்டு காதுகளிலிருந்தும் இடைவிடாமல் சமிக்ஞைகள் போய்க்கொண்டே இருக்கின்றன. கயிறிழுக்கும் போட்டியில் இரு அணிகளும் சம பலத்தோடு இழுத்தால் கயிறு நகராது அல்லவா? அதுபோல இரு பக்கச் சமிக்ஞைகளும் சமமாக இருந்தால் "தலை அசையவில்லை" என்று மூளை முடிவு செய்கிறது. வலப்பக்கம் திரும்பினால் வலக்காதின் சமிக்ஞை கூடும். இடக்காதின் சமிக்ஞை குறையும்.

இப்போது, கிருமித் தொற்றால் இடக்காதின் சமநிலை நரம்பு வீங்கிச் செயலிழந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். ஓர் அணி திடீரென்று கயிற்றை விட்டதுபோல் ஆகிவிடும். கட்டிலில் அசையாமல் படுத்திருப்பவரின் மூளை, "வலப்பக்கம் வேகமாகச் சுழல்கிறோம்" என்று முடிவு கட்டிவிடுகிறது. கண்கள் தாமாகவே ஒரு பக்கம் துள்ளுகின்றன. அறை சுற்றுகிறது. வாந்தி வருகிறது. அவர் நடிக்கவில்லை. மூளைக்குக் கிடைத்த செய்தி அப்படி.

காதுதான் காரணம் என்று கண்டவர்கள்

முற்காலத்தில் இத்தகைய தலைச்சுற்றலை மூளைக் கோளாறு என்றே பெரும்பாலும் எண்ணினார்கள். 1861இல் பிரஞ்சு மருத்துவர் புரோஸ்பர் மெனியேர், உட்செவிக் கோளாறும் தலைச்சுற்றலை உண்டாக்கும் என்று எடுத்துச் சொன்னார். பின்னர் வியன்னாவில் ராபர்ட் பாரானி என்ற மருத்துவர், காதைக் கழுவும் நீர் குளிர்ந்திருந்தால் நோயாளியின் கண்கள் ஒரு பக்கமும், சூடாக இருந்தால் மறுபக்கமும் துள்ளுவதைக் கவனித்தார். வெப்பம் மாறும்போது கால்வாய்த் திரவம் நகர்வதே காரணம் என்று விளக்கினார். அதன்மூலம் ஒவ்வொரு காதையும் தனித்தனியே சோதிக்க ஒரு வழி பிறந்தது. இந்தத் துறையில் செய்த ஆய்வுகளுக்காக அவருக்கு 1914ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது. பரிசு அறிவிக்கப்பட்டபோது அவர் ரஷ்யாவில் போர்க்கைதியாக இருந்தார்!

மங்கலான காட்சிதான் ஆசிரியர்

செயலிழந்த நரம்பு முழுமையாகக் குணமாகாமல் போகலாம். ஆனாலும் பெரும்பாலோரின் கடுமையான சுற்றல் சில நாள்களில் தணிகிறது. ஒரு காதின் செய்தியை வைத்தே கணக்குப் போட மூளை பழகிக்கொள்வதுதான் காரணம். இதில் சிறுமூளைக்குப் பெரும் பங்கு உண்டு.

படுத்திருந்தாலும் இந்தப் பழக்கத்தின் முதல் பகுதி நடந்துவிடும். ஆனால், தலையைத் திருப்பும்போது காட்சி நிலையாக இருக்கவேண்டுமானால் தலையைத் திருப்பித்தான் ஆகவேண்டும். தலையைத் திருப்பும்போது காட்சி சற்று மங்கினால், "கணக்கு தப்பு" என்று மூளைக்குத் தெரிகிறது. அடுத்த முறை அது கொஞ்சம் திருத்திக்கொள்கிறது. தவறே நேராவிட்டால் திருத்தமும் நடக்காது. தலையை ஆட்டாமல் கழுத்தை விறைப்பாக வைத்திருப்பவரின் மூளைக்குப் பயிற்சிக் கணக்கே கிடைப்பதில்லை.

1940களில் பிரிட்டனில் காது மருத்துவர் டெரன்ஸ் காதோர்னும், மறுவாழ்வு மருத்துவர் குக்சியும் இதைப் பயன்படுத்தினார்கள். தலையில் அடிபட்டவர்களையும் காதில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களையும் படிப்படியாகப் பயிற்சி செய்யவைத்தார்கள். முதலில் படுக்கையில் கண்ணை மட்டும் மேலும் கீழும் அசைப்பது. பிறகு தலையைத் திருப்புவது. அடுத்து உட்கார்ந்து எழுவது, பந்தைக் கைமாற்றி எறிவது, சரிவில் ஏறி இறங்குவது. இன்றும் இந்தப் பயிற்சிகள் பயன்படுகின்றன.

பயிற்சி மூளையை மாற்றும் என்பதற்கு இன்னொரு சான்று பாலே நடனம். பல சுற்றுகள் சுழன்ற பிறகும் தடுமாறாமல் நிற்கிறார்களே, எப்படி? 2013இல் லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள், நீண்டகாலம் பயின்ற பாலே நடனமணிகள் சுழற்சி நின்ற பிறகு வரும் சுற்றல் உணர்வை மற்றவர்களைவிடக் குறைந்த நேரமே உணர்கிறார்கள் என்று கண்டார்கள். அவர்களின் சிறுமூளையிலும் வேறுபாடு தெரிந்தது.

பயம் சேர்ந்தால் நீடிக்கும்

சிலருக்குக் காது தேறிய பிறகும் தலைச்சுற்றல் போவதில்லை. "மறுபடி விழுந்துவிடுவேனோ" என்ற அச்சத்தில் உடல் எப்போதும் விறைப்பாகவே இருக்கிறது. மூளை காதை நம்பாமல் கண்ணையே அதிகம் நம்பத் தொடங்குகிறது. அதனால் கண்ணுக்கு முன்னால் நிறைய அசைவு இருக்கும் இடங்கள் தொல்லை தருகின்றன: பேரங்காடியின் நீண்ட அலமாரி வரிசைகள், இரவுச் சந்தைக் கூட்டம், மின்படிக்கட்டு, கைப்பேசித் திரையில் வேகமாக ஓடும் படங்கள். அறை சுழல்வதில்லை, ஆனால் படகில் நிற்பதுபோன்ற ஆட்டம் நாள் முழுவதும் இருக்கிறது.

பெரும்பாலான நாள்களில், மூன்று மாதம் அல்லது அதற்கு மேல் தொடரும் இத்தகைய நிலையைக் கண்டறிவதற்கான விதிகளை, பாரானியின் பெயரைத் தாங்கிய பன்னாட்டு மருத்துவச் சங்கம் 2017இல் வெளியிட்டது. ஆங்கிலத்தில் சுருக்கமாக இதைப் 'பி.பி.பி.டி.' என்பார்கள். காதுச் சோதனை, ஸ்கேன் எல்லாம் சரியாக இருந்தாலும் இது கற்பனை நோய் அன்று. சமநிலைப் பயிற்சி, மனநல ஆலோசனை, தேவைப்பட்டால் மருந்து ஆகியவற்றால் இதற்குச் சிகிச்சை உண்டு.

எல்லாத் தலைச்சுற்றலும் ஒன்றல்ல

கட்டிலில் புரளும்போது மட்டும் ஒரு நிமிடத்துக்குள் சுற்றி அடங்கினால், உட்செவிப் பையில் உள்ள சுண்ணாம்புத் துகள்கள் கால்வாய்க்குள் விழுந்திருக்கலாம். மருத்துவர் தலையைக் குறிப்பிட்ட வரிசையில் திருப்பி அவற்றை வெளியேற்றுவார். சட்டென்று எழும்போது கண் இருட்டுவது பெரும்பாலும் இரத்த அழுத்தம் குறைவதால் வருவது. ஒற்றைத் தலைவலியும் இரத்தச்சோகையும்கூடத் தலைச்சுற்றலைக் கொண்டுவரும். எனவே காரணம் தெரியாமல் நாமாகப் பயிற்சி தொடங்கக்கூடாது. தலைச்சுற்றலை அடக்கும் சில மாத்திரைகளை நீண்ட நாள் எடுத்தால் மூளையின் பழகும் வேகம் குறையலாம். ஆனால், மருத்துவரைக் கேட்காமல் எந்த மருந்தையும் நிறுத்தவும் கூடாது.

திடீர்த் தலைச்சுற்றலோடு பேச்சுக் குழறல், முகம் கோணுதல், கை கால் பலவீனம், பார்வை இரட்டையாகத் தெரிதல், நிற்கவே முடியாமை ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் அது பக்கவாதமாக இருக்கலாம். காத்திருக்காமல் 999ஐ அழையுங்கள்.

நீங்கள் என்ன செய்யலாம்?

இந்த நோய்க்குக் கட்டு இல்லை, காய்ச்சல் இல்லை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றுமே தெரியாது. அதனால்தான் "சோம்பல்", "சாக்கு" என்ற பேச்சைப் பலர் கேட்க வேண்டியிருக்கிறது. சபைகூடலில் நிற்க முடியாத தோழரை உட்கார விடுங்கள். அவரைப் பின்னாலிருந்து திடீரென்று கூப்பிடாமல் முன்னால் வந்து பேசுங்கள். பாட்டிக்குப் பயிற்சி சொல்லியிருந்தால், அவர் நடக்கும்போது கைக்கெட்டும் தூரத்தில் கூடவே நடங்கள். பயிற்சியின்போது சற்றுக் கிறுகிறுப்பது இயல்பு. அது சில நிமிடங்களில் அடங்கவேண்டும். இரவில் கழிப்பறைக்குப் போகும் வழியில் ஒரு சிறு விளக்கு எரியட்டும். காது தடுமாறும்போது கண்தான் துணை. இருட்டில் அந்தத் துணையும் இருக்காது.

வீட்டில் யாராவது "தலை சுற்றுது" என்றால் இந்த நான்கு கேள்விகளைக் கேட்டுப் பதிலை எழுதிவையுங்கள்: அறை சுழல்கிறதா, படகுபோல் ஆடுகிறதா, கண் இருட்டுகிறதா? எவ்வளவு நேரம் இருக்கிறது? என்ன செய்யும்போது வருகிறது? காது அடைப்பு, இரைச்சல், தலைவலி கூடவே வருகிறதா? மருத்துவர் முதலில் கேட்கப்போவதும் இவற்றைத்தான்.