யாரைப் பொறுக்கப் போகிறார்கள்?

செங்கற்பட்டில் குடியிருக்கும் பள்ளிக்கூட உபாத்தியாயருக்கு வருஷத்துக்கு ஒரு கவலைதான் இருப்பது வழக்கம். பத்தாம் வகுப்பில் எத்தனை பிள்ளைகள் தேறுவார்கள் என்பது அது. எனக்கு மாத்திரம் இரண்டாவது கவலை ஒன்று அழையாத விருந்தாளியாக வந்து உட்கார்ந்திருக்கிறது. சென்னையின் எஃப்.சி. என்ற நம் தலைநகரத்துக் கால்பந்துக் கோஷ்டி, அடுத்த பருவத்துக்கு யார் யாரைப் பொறுக்கி எடுக்கப் போகிறது என்பதே அந்தக் கவலை.

"அவர்கள் யாரை எடுத்தால் உங்களுக்கு என்ன? உங்களையா எடுக்கப் போகிறார்கள்?" என்று என் சகதர்மிணி கேட்கிறாள். நியாயமான கேள்விதான். 2014ஆம் வருஷம் அந்தக் கோஷ்டி தோன்றிய நாள் முதல், பந்தயம் உள்ள மாலைகளில் மின்சார ரயிலேறிப் போய், நேரு ஸ்டேடியத்தில் தொண்டை கட்டும் மட்டும் கத்திவிட்டு, நள்ளிரவுக்கு மேல் வீட்டுக் கதவைத் தட்டும் கணவனிடம் எந்த மனைவியும் கேட்கக்கூடிய கேள்வி. இதற்கு என்னிடம் பதில் கிடையாது. ஆனால் தன் கோஷ்டியின் பொறுக்கு நாளுக்காகக் காத்திருப்பதில் உள்ள தவிப்பும் இன்பமும், காத்திருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

இப்படி ஆட்டக்காரர்களை வரிசை வைத்துப் பொறுக்கும் முறைக்கு 'டிராஃப்ட்' என்று பெயர். இந்தப் பதத்தை முதன்முதலாக வீட்டில் நான் உச்சரித்தபோது, பாங்கியில் எடுக்கும் டிராஃப்ட் என்று நினைத்து, "எவ்வளவு ரூபாய்க்கு?" என்று கேட்டார்கள். இது அமெரிக்கர்கள் கண்டுபிடித்த உபாயம். அங்கேயும் ஃபுட்பால் என்று ஓர் ஆட்டம் உண்டு. கையால் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு ஏன் அந்தப் பெயர் வைத்தார்கள் என்பது அவர்களுக்கே வெளிச்சம். பணக்காரக் கோஷ்டிகளே நல்ல ஆட்டக்காரர்களை எல்லாம் வளைத்துப் போட்டுக்கொண்டிருந்த காலத்தில், பிலடெல்பியா கோஷ்டியின் சொந்தக்காரரான பெர்ட் பெல் என்பவர் ஒரு யோசனை சொன்னார். காலேஜிலிருந்து வெளிவரும் இளைஞர்களை எல்லாம் ஒரே ஜாபிதாவில் எழுதுவது. சென்ற பருவத்தில் கடைசியாக வந்த கோஷ்டி முதலில் ஒருவனை எடுத்துக்கொள்வது. முதலாவதாக வந்த கோஷ்டி கடைசியில் எடுப்பது. கடைசியாக வந்த கோஷ்டி எது என்றால் பெல்லுடையதேதான்! ஆனாலும் யோசனையில் நியாயம் இருந்தபடியால் எல்லோரும் சம்மதித்தார்கள். 1936 பிப்ரவரி 8ஆம் தேதி முதல் பொறுக்கு நடந்தது. 9 கோஷ்டிகளும் சேர்ந்து 81 பேரை எடுத்தன. முதல்வனாக எடுக்கப்பட்ட ஜே பெர்வாங்கர் என்ற இளைஞன் சம்பளம் ஒத்துவராமல் கடைசி வரையில் அந்தப் பந்தயங்களில் ஓர் ஆட்டங்கூட ஆடவில்லை. 2000ஆம் வருஷத்திலோ, 198 பேரை எடுத்த பிறகு 199ஆவதாக எடுத்த டாம் பிரேடி, அந்த ஆட்டத்தின் சரித்திரத்திலேயே தலைசிறந்தவர்களில் ஒருவரானார். பொறுக்குகிறவர்களின் கண் எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்பதற்கு இந்த இரண்டு பெயர்களும் போதும்.

நம் தேசத்தில் இந்தியன் சூப்பர் லீக் ஆரம்பித்தபோது அதே முறையைச் சிறிது மாற்றிக் கைக்கொண்டார்கள். 2014 ஜூலையில் பம்பாயில் முதல் டிராஃப்ட் நடந்தது. 2017 ஜூலை 23ஆம் தேதி நடந்ததுதான் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை. இருநூறு பேருக்கு மேற்பட்ட ஜாபிதா. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே முன்கூட்டியே நிர்ணயித்த சம்பளம். புதிதாகச் சேர்ந்த ஜம்ஷெட்பூர், கேரளத்து அனஸ் எடத்தொடிகாவை 1 கோடியே 10 லட்ச ரூபாய்க்கு எடுத்துக்கொண்டது. விடைத்தாள் கட்டை மடியில் வைத்துக்கொண்டு நான் நாள் முழுவதும் செல்பேசியையே பார்த்திருந்தேன். ஒரு விடைத்தாளாவது திருந்தியதாக ஞாபகம் இல்லை. நம்மவர்கள் மிஸோரத்து ஜெஜே லால்பெக்லுவாவை முன்பே விடாமல் பிடித்து வைத்திருந்தார்கள். அது ஒன்றே எனக்கு ஆறுதல். அந்தப் பருவத்தின் முடிவில், 2018 மார்ச் 17ஆம் தேதி பெங்களூரில், பெங்களூர்க் கோஷ்டியையே 3–2 என்று தோற்கடித்து நாம் கோப்பையைக் கொண்டுவந்தோம். வியாசர்பாடியில் பிறந்து வளர்ந்த தனபால் கணேஷ் அன்று நடுக்களத்தில் நின்று ஆடினார்.

அதற்கு முன்னால் 2015இல் ஒரு தடவை ஜயித்தோம். அந்த வருஷத்து மழையை இந்தப் பக்கத்தார் மறக்க முடியாது. வெள்ளத்தினால் சென்னையில் நடக்க வேண்டிய அரையிறுதிப் பந்தயத்தைப் புனாவுக்கு மாற்றினார்கள். டிசம்பர் 20ஆம் தேதி கோவாவில் இறுதிப் பந்தயம். தொண்ணூறாவது நிமிஷம் நெருங்கும்போது நாம் 1–2 என்று பின்தங்கி இருந்தோம், முடிவில் 3–2! வீட்டுக்குள் புகுந்த சேற்றை அப்போதுதான் கழுவி முடித்திருந்த என் சிநேகிதர் ஒருவர், அன்றைக்கு ராத்திரி தெருவில் இறங்கி ஆடினார். அவருக்குக் கால்பந்தில் அதற்கு முன்பும் சிரத்தை இல்லை, பின்பும் இல்லை.

2017க்குப் பிறகு டிராஃப்ட் முறையைக் கைவிட்டுவிட்டார்கள். இப்போது கோஷ்டிகள் தாங்களே பேரம் பேசி ஆட்டக்காரர்களை எடுத்துக்கொள்கின்றன. 2024–25ஆம் பருவத்தில் 13 கோஷ்டிகளுக்குள் நாம் 11ஆவதாக வந்தோம். அமெரிக்க வழக்கப்படியானால் மூன்றாவது நபரைப் பொறுக்கும் உரிமை நமக்கு வந்திருக்கும்! இங்கே தோற்றவனுக்கு அப்படி எந்தச் சலுகையும் இல்லை. அது மாத்திரமா? லீக்கை நடத்தும் ஒப்பந்தம் முடிகிற தறுவாயில் வழக்கும் வியாஜ்யமுமாகி, 2025 ஜூலையில் அடுத்த பருவத்தையே நிறுத்தி வைத்தார்கள். ஆகஸ்டில் நம் கோஷ்டி தன் காரியங்களை எல்லாம் நிறுத்திவிட்டதாக அறிவித்தது. குறுகிய பருவம் ஒன்று 2026 பிப்ரவரி 14ஆம் தேதி தொடங்கும் என்ற செய்தி ஜனவரியில்தான் வந்தது. யாரைப் பொறுக்குவார்கள் என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தவன், பொறுக்குவதற்குக் கோஷ்டி என்று ஒன்று இருக்குமா என்று கவலைப்பட்ட அந்த ஆறு மாதங்களைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

சரி, கோஷ்டி இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு என் ஆசையைச் சொல்கிறேன். எனக்கு வேண்டியது நல்ல லெஃப்ட் பாக் ஒருவன். இடது காலால் உதைக்கிறவனாக, தொண்ணூறு நிமிஷமும் ஓரக்கோட்டை விடாமல் ஏறி இறங்குகிறவனாக இருக்க வேண்டும். நடுக்களத்துக்கு நிதானமுள்ள ஒருவன். இரண்டு பேரும் இந்தியர்களாக இருக்கட்டும். கூடுமானால் தமிழ்நாட்டுக் கடற்கரையில் பிறந்தவர்களாக இருக்கட்டும். ஆரம்பத்தில் பதினொரு பேரில் ஆறு அந்நிய தேசத்தார் களத்தில் நிற்கலாம் என்றிருந்தது. 2017–18இல் அது ஐந்தாகி, 2021–22 முதல் நான்காயிற்று. அப்படிக் காலியான இடங்களில் நம் பையன்கள் நிற்க வேண்டும் என்று ஆசைப்படுவது குறுகிய மனப்பான்மை ஆகாது என்று நினைக்கிறேன்.

இதிலே எனக்கு ஒரு மனஸ்தாபமும் உண்டு. 2023 ஆகஸ்ட் 12ஆம் தேதி கல்கத்தாவில், டூரண்ட் கோப்பைப் பந்தயத்தில், மோகன் பகானுக்கு எதிராக ஈஸ்ட் பெங்கால் ஒரே ஒரு கோல் போட்டு ஜயித்தது. பல வருஷங்களாக அந்தப் பரம எதிரியை வெல்ல முடியாமல் தவித்த ஜனங்களுக்கு அந்தக் கோலைப் போட்டுக் கொடுத்தவர் நந்தகுமார் சேகர். நம் சென்னைப் பிள்ளை! கன்னியாகுமரி ஜில்லாவின் மீனவ கிராமத்திலிருந்து புறப்பட்ட மைக்கேல் சூசைராஜ், ஜம்ஷெட்பூருக்கும் கல்கத்தாவுக்கும் ஆடினார். காரைக்குடிப் பக்கத்துச் சிவசக்தி நாராயணன் பெங்களூருக்கு ஆடிப் பெயர் வாங்கினார். நம் வீட்டு மாமரத்தின் கிளை அடுத்த வீட்டுக் கொல்லையில் காய்த்துக் குலுங்குவதை வேலி இடுக்கு வழியாகப் பார்ப்பதுபோல் இருக்கிறது. இந்த மரம் நேற்று நட்டதும் அல்ல. 1960 ரோம் ஒலிம்பிக்கில் நம் தேசத்துக்கு ஆடியவர் தமிழ்நாட்டுச் சைமன் சுந்தரராஜ். அதற்குப் பிறகு ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா இன்னும் ஒரு கோல் போடவில்லை.

மிஸோரத்தைப் பாருங்கள். 2011ஆம் வருஷத்து ஜனக்கணக்கின்படி அந்த மலை ராஜ்யத்தில் மொத்தமே சுமார் 11 லட்சம் பேர். இன்றைய செங்கற்பட்டு ஜில்லா ஒன்றின் எல்லைக்குள் மாத்திரம் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் ஜனங்கள் அப்போதே இருந்தார்கள். ஆனால் ஜெஜே அங்கிருந்துதான் வந்தார். லாலியான்ஸுவாலா சாங்டேயும் அங்கிருந்துதான் வந்தார். 2014இல் மிஸோரம் சந்தோஷ் கோப்பையை வென்றது. 2017இல் அய்ஸால் கோஷ்டி ஐ-லீக்கையே வென்றது. இதற்கு மலைக்காற்றைக் காரணமாகச் சொல்லுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. 2012 முதல் அவர்கள் தங்களுக்கென்று ஒரு லீக்கை வைத்துக்கொண்டு, உள்ளூர்த் தொலைக்காட்சியில் காட்டி, ஊர் முழுவதும் உட்கார்ந்து பார்க்கும்படி செய்தார்கள். அதாவது பொறுக்க வருகிறவன் வருவதற்கு முன்பே, பொறுக்கத் தக்கவர்களை ஊரே தயார் செய்து வைத்திருந்தது.

நம் கடற்கரையிலும் ஆரம்பம் இல்லாமல் போகவில்லை. நம் கோஷ்டி சில பருவங்களில் பயிற்சி செய்தது திருப்போரூருக்கு அருகேயுள்ள களவாக்கத்தில். கிரீஷ் மாத்ருபூதம் என்ற தொழிலதிபர் தொடங்கிய எஃப்.சி. மெட்ராஸ் என்னும் பயிற்சிப் பள்ளி மாமல்லபுரத்தில் இருக்கிறது. பிள்ளைகள் அங்கேயே தங்கி உண்டு, படித்து, ஆடுகிறார்கள். ஆனால் எந்தப் பள்ளியிலும் வாசலில் ஒரு தேர்வு உண்டு. அந்தத் தேர்வுதான் எனக்கு எப்போதும் மர்மமாக இருக்கிறது.

2022இல் இதே மாமல்லபுரத்தில் சதுரங்க ஒலிம்பியாட் நடந்தது. அங்கே கோஷ்டி பொறுக்குகிறவனுக்குச் சிரமம் குறைவு. ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் 'ரேட்டிங்' என்று ஓர் எண் இருக்கிறது. குகேஷும் பிரக்ஞானந்தாவும் இருந்த நம் இரண்டாவது கோஷ்டி வெண்கலப் பதக்கம் வாங்கியது. கால்பந்தில் பதின்மூன்று வயதுப் பையனுக்கு ஏது எண்? ஊர் சிற்பிகள் கல்லைப் பொறுக்குவதைக் கவனித்திருக்கிறேன். உளியால் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார்கள். ஓசையைக் கொண்டே இது ஆண் கல், இது பெண் கல், இது உதவாது என்று சொல்லிவிடுவார்கள். அவர்களும் அவசரப்பட மாட்டார்கள். ஒரு கல்லை நாலு பக்கமும் தட்டுவார்கள். பையன்களுக்கோ இருபது நிமிஷம் ஓடிக் காட்டுவதற்கு அவகாசம் கிடைத்தால் அதிகம்.

நான் வேலை பார்க்கும் பள்ளிக்குச் செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகக் கடற்கரையை நோக்கிப் பஸ்ஸில் போக வேண்டும். அங்கே என்னிடம் ஒரு பையன் படிக்கிறான். மீனவப் பிள்ளை. இடது கால்காரன். சவுக்குத் தோப்புக்கு அப்பால் ஈர மணலில் அவன் பந்தை இழுத்துக்கொண்டு ஓடுவதைப் பார்த்துவிட்டு, நான் தேடிக்கொண்டிருந்த லெஃப்ட் பாக் இவன்தான் என்று எனக்குள் நானே சொல்லிக்கொண்டேன். போன வருஷம் ஓர் இடத்தில் நடந்த தேர்வுக்கு அவனை அழைத்துப் போனேன். பூட்ஸ் இல்லாமல் களத்தில் இறங்கக்கூடாது என்றார்கள். அவன் அதுவரையில் பூட்ஸ் போட்டதே இல்லை. யாரோ ஒரு பையனிடம் இரவல் வாங்கி, முன்னால் துணியை அடைத்துக் கட்டிக்கொண்டு ஓடினான். இரண்டு தடவை விழுந்தான். மூன்றாவது தடவை பந்தே அவன் பக்கம் வரவில்லை. "சார், காலில் வீட்டைக் கட்டிக்கொண்டு ஓடின மாதிரி இருந்தது" என்றான், திரும்பி வரும்போது. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் நம் தேசத்தார் பெரும்பாலும் வெறுங்காலுடன் ஆடி, பிரான்ஸை எதிர்த்து 1–2 என்று மயிரிழையில் தோற்ற கதையை அவனுக்குச் சொன்னேன். "தோத்துட்டாங்களா சார்?" என்று கேட்டான். அத்துடன் நிறுத்திக்கொண்டேன்.

அவனுடைய தகப்பனார் வலையைக் கொத்திக்கொண்டிருந்தார். "வாத்தியாரய்யா, இவன் வந்தா ஃபைபர் போட்டுக்கு ஒரு ஆள் கூலி மிச்சம். பந்து உதைச்சா மாசம் என்ன வரும்?" என்று கேட்டார். நூற்றில் தொண்ணூறு பேருக்கு ஒன்றும் வராது என்பதுதான் உண்மை. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் கடலூர்க் கடற்கரையிலிருந்து போன இந்துமதி கதிரேசன் என்ற பெண், தேசத்தின் கோஷ்டிக்கு ஆடி, போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர் உத்தியோகமும் பெற்றதைச் சொன்னேன். "பொண்ணா?" என்று ஊசியை நிறுத்திவிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

இந்த வருஷம் மே மாதத்தில் இன்னொரு தேர்வு இருக்கிறது. சென்ற மாதம் ஒரு காகிதத்தில் பையனுடைய பாதத்தை வரைந்து எடுத்துக்கொண்டு, நேரு ஸ்டேடியத்துக்குப் பக்கத்திலுள்ள கடைகளில் ஏறி இறங்கி, ஒரு ஜோடி பூட்ஸ் வாங்கி வந்தேன். என் சகதர்மிணிக்கு விலையைக் குறைத்துச் சொல்லியிருக்கிறேன். அவள் இதை வாசிக்காமல் இருக்கக் கடவது. பையன் அதை மாட்டிக்கொண்டு தார் ரோட்டில் டக்டக்கென்று நடந்து பார்த்தான். மணலுக்கு உதவாது, புல்தரையில்தான் பழக வேண்டும் என்று சொன்னேன். ஆகையால் தினம் பள்ளி விட்டதும் மைதானத்து மூலையில் எஞ்சியிருக்கும் கொஞ்சம் புல்லில் அரைமணி நேரம் ஓடுகிறான். முதல் வாரம் குதிகால் இரண்டிலும் கொப்புளம். இப்போது ஆறிவிட்டது.

நேற்று அவனுடைய தகப்பனார் பஸ் நிறுத்தத்தில் என்னைப் பார்த்து, தேர்வு எந்தக் கிழமை என்று விசாரித்தார். சனிக்கிழமை என்றேன். அன்றைக்குக் கடலுக்குப் போக மச்சானைக் கூப்பிட்டுக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.